அத்தி பூத்தது

2024-ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு நாள் தபாலில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. இந்தக் காலத்தில் தபாலில் கடிதம் வருவதே அபூர்வம். வந்தாலும் அது பெரும்பாலும் வரி, வட்டி, தவணை என்று ஏதாவது விவகாரமாகத்தான் இருக்கும். ஆகையால் பேனாவால் விலாசம் எழுதிய உறையைக் கண்டதும் மிகுந்த சந்தோஷத்துடன் பிரித்தேன். எழுதியவர் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியர். என் நாவல் ஒன்றை இரண்டு தடவை படித்ததாக ஆரம்பித்திருந்தார். முதல் தடவை கதைக்காகவும், இரண்டாம் தடவை கணக்குக்காகவும் படித்தாராம்.

என்ன கணக்கு? என் நாவலில் ஏழு இடங்களில் அத்தி பூக்கிறதாம்! கதாநாயகன் அத்தி பூத்தாற்போல் ஊருக்கு வருகிறான். கதாநாயகி அத்தி பூத்தாற்போல் சிரிக்கிறாள். அவளுடைய தகப்பனார் அத்தி பூத்தாற்போல் மடியிலிருந்து காசை அவிழ்க்கிறார். இப்படி ஏழு இடங்களையும் பக்க எண்ணுடன் குறித்துவிட்டு, ஆசிரியர் என்னை மூன்று கேள்விகள் கேட்டிருந்தார். “தாங்கள் அத்திப் பூவை ஒரு முறையாவது பார்த்ததுண்டா? அது அரிதாகப் பூப்பது என்று தங்களுக்கு யார் சொன்னார்கள்? ஒரு பச்சை அத்திக்காயை இரண்டாக நறுக்கிப் பார்ப்பதில் தங்களுக்கு ஏதாவது ஆட்சேபம் உண்டா?”

கதை எழுதுகிறவர்களுடைய தாவர சாஸ்திரத்தைப் பற்றி வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் நினைத்த மாதத்தில் மல்லிகை பூக்கும். நினைத்த இரவில் பௌர்ணமி வரும். இதற்கெல்லாம் இதுவரை ஒருவரும் என்னிடம் கணக்குக் கேட்டதில்லை. முதலில் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. நானா இந்தச் சொல்லைக் கண்டுபிடித்தேன்? நம் பாட்டனும் பாட்டியும் சொன்னதுதானே? நாம் மட்டுமா சொல்கிறோம்? அத்திக்கு வடமொழியில் உதும்பரம் என்று பெயர். புத்தர் ஒருவர் உலகில் தோன்றுவது எவ்வளவு அபூர்வம் என்று சொல்ல வந்த பௌத்த நூல்களும் உதும்பர மலரைத்தான் உவமை காட்டின. அந்த உவமை சீனாவுக்கும் ஜப்பானுக்கும்கூடப் போயிற்று. இவ்வளவு பேர் சேர்ந்து செய்த தப்புக்கு நான் ஒருவன் மட்டும் பக்க எண்ணுடன் பிடிபட வேண்டுமா?

ஆனால் அந்தக் கடிதத்தை என்னால் தூக்கிப் போட முடியவில்லை. காரணம், அது வந்து சேர்ந்த நேரம் அப்படி.

அம்பாசமுத்திரத்தில் எங்கள் பூர்வீக வீடு இருக்கிறது. அதில் என் அத்தை, அப்பாவின் தங்கை, தனியாக இருக்கிறார். வீட்டின் பின்கட்டில், கிணற்றை ஒட்டி, ஒரு அத்தி மரம். அது என் தாத்தாவுக்கும் மூத்தது என்பார்கள். பழம் கிணற்றில் விழுகிறது, முற்றத்தில் அழுகுகிறது, கொசு மொய்க்கிறது, ராத்திரியில் வௌவால் வந்து பக்கத்து வீட்டுச் சுவரைப் பாழாக்குகிறது என்று பல வருஷங்களாகப் புகார். அண்ணனும் நானும் தொலைபேசியில் பேசி, மரத்தை வெட்டிவிடுவது என்று முடிவு செய்திருந்தோம். அத்தையிடம் சொன்னபோது, “உங்க இஷ்டம்” என்றார். அந்த இரண்டு சொற்களையும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஆளுக்கும் ஏற்பாடு செய்தாகிவிட்டது. நான் ஊருக்குப் போய்க் கூட இருந்து வேலையை முடித்துவிட்டு வர வேண்டும். அதற்கு நாலு நாள் இருக்கும்போது ஆசிரியரின் கடிதம்.

இரண்டு நாள் முன்னதாகவே ரயில் ஏறிவிட்டேன்.

“ஏல, நாளைக் கழிச்சுத்தான வருவேன்னே?” என்று அத்தை கேட்டார்.

“அத்திக்காய்ப் பொரியல் சாப்பிடணும்போல இருந்தது அத்தை” என்றேன். இது பாதிப் பொய்.

அத்தை என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்க் கைநிறையக் காய் பறித்து வந்தார். அத்தி கிளை நுனியில் காய்ப்பதில்லை. அடிமரத்திலும் பெருங்கிளைகளிலும் பட்டையைப் பிளந்துகொண்டு கொத்துக் கொத்தாகத் தொங்கும். ஆகையால் பறிக்க ஏணி வேண்டாம். அரிவாள்மணையில் வைத்து ஒவ்வொன்றாக நறுக்கி, பால் பிசுக்கும் துவர்ப்பும் போவதற்காக மோர் கலந்த தண்ணீரில் போட்டுக்கொண்டே வந்தார்.

நான் ஒரு பாதியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பூ எங்கேயும் தென்படவில்லை. உள்ளே கூடாக இருந்தது. சுற்றிலும் சுவரில் ஏதோ மணல் ஒட்டியதுபோல் நெருக்கமாகத் தெரிந்தது.

“பூவையா தேடுத?” என்றார் அத்தை, தலை நிமிராமல். “கண்ணாடி போட்டுப் பாரு.”

தாத்தா ஜாதகம் பார்க்க வைத்திருந்த பூதக் கண்ணாடி மாடத்தில் இருந்தது. துடைத்து எடுத்து வந்து மறுபடி பார்த்தேன். மணல் என்று நான் நினைத்தது மணல் அல்ல. அத்தனையும் பூ! வெளிர் சிவப்பும் வெள்ளையுமாக, ஒவ்வொன்றும் தனித்தனிக் காம்புடன், தனித்தனி இதழுடன், சூல்முடியுடன். ஒரு காய்க்குள் ஆயிரக்கணக்கில். வெளியே பார்த்து விரிய வேண்டிய பூக்களெல்லாம் உள்ளே பார்த்து விரிந்திருந்தன. பூங்கொத்தின் காம்பே கிண்ணம்போல் குழிந்து, வாய் கூம்பி, பூக்களை உள்ளே வைத்து மூடிக்கொண்டிருக்கிறது. அதைத்தான் நாம் காய் என்கிறோம்.

அத்தி அரிதாகப் பூப்பதில்லை. வருஷத்தில் பல தடவை, மரம் முழுவதும், நம் தலைக்கு மேலேயே பூத்துத் தள்ளுகிறது. நாற்பது ஆண்டுகளுக்கு ஒரு முறை வருகிறவர் காஞ்சீபுரத்து அத்திவரதர்தான். 1979-ல் குளத்திலிருந்து எழுந்தருளினார். அப்புறம் 2019-ல் 48 நாள் தரிசனம் தந்தார். அவரைச் சொன்னால் நியாயம். அத்திப் பூவைச் சொல்வது நியாயமே இல்லை. ஆலமரமும் அரசமரமும் இந்தக் குடும்பந்தான். ஆலம்பூவை யாராவது பார்த்திருக்கிறோமா? உலகத்தில் 750-க்கும் மேற்பட்ட அத்தி இனங்கள் உண்டு. அத்தனையும் இப்படி மறைவாகப் பூக்கிறவை.

மறைத்து வைத்த பூவுக்கு வண்டு எப்படி வரும்? இந்தக் கேள்வியை நான் வாய்விட்டுக் கேட்டிருக்க வேண்டும். அத்தை அரிவாள்மணையை மடக்கிச் சாத்திவிட்டு, “சாயந்திரம் ஆத்தங்கரைக்கு வா, காட்டுதேன்” என்றார்.

தாமிரபரணிக்குப் போகிற பாதையில் இன்னொரு அத்தி இருக்கிறது. எங்கள் மரம் பூவில் இருந்த அன்று அந்த மரத்தில் பழம் கனியத் தொடங்கியிருந்தது. அத்தை சிவந்து வந்த பழம் ஒன்றைப் பறித்துக் கையில் வைத்துக்கொண்டு, அசையாமல் நிற்கச் சொன்னார். பழத்தின் தோலில் ஊசி குத்தியதுபோல் ஒரு துளை. அந்தத் துளையிலிருந்து கறுப்பாக ஒன்று வெளியே வந்தது. எள்ளின் அளவுகூட இல்லை. சிறகை ஒரு தடவை உதறிற்று, காற்றோடு போய்விட்டது. பின்னாலேயே இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. ‘அத்திப் பழத்தைப் பிட்டால் அத்தனையும் புழு’ என்று நாம் முகம் சுளித்துத் தூர எறிகிறோமே, அந்தப் புழு இதுதான். இது ஒரு குளவி.

அன்று இரவும் மறுநாளும் செல்போனிலும், உள்ளூர் நூலகத்திலும், ஆசிரியரின் கடிதத்தோடு இணைத்திருந்த நாலு பக்கக் குறிப்பிலுமாக நான் தெரிந்துகொண்டது இது.

அந்தக் குளவி பெண். ஆயுள் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். அதற்குள் அவள் பூவில் இருக்கும் வேறொரு அத்தி மரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறந்த மரம் உதவாது. அங்கே எல்லாம் பழமாகிவிட்டது. பூவில் இருக்கும் மரம் அவளுக்காகவே ஒரு வாசனையைக் காற்றில் விடுகிறது. ஆப்பிரிக்காவில், நமீபியாவின் பாலைவன ஆற்றோரத்தில் நிற்கும் அத்திகளை ஆராய்ந்து 2009-ல் வெளியிட்ட ஒரு கணக்கு, அங்கே உள்ள அத்திக் குளவி 160 கிலோமீட்டர் வரைக்கும் போயிருப்பதைக் காட்டுகிறது. ஏறக்குறையத் திருநெல்வேலியிலிருந்து மதுரைக்குப் போகிற தூரம். எள்ளுக்கும் சிறிய உடம்பு, காற்றுத்தான் வாகனம்.

மரத்தைக் கண்டாயிற்று. இனி உள்ளே போக வேண்டும். காயின் நுனியில் செதில்கள் அடுக்கி மூடிய சின்னஞ்சிறு வாசல் ஒன்று உண்டு. அதில் நெருக்கிக்கொண்டு நுழையும்போது அவளுடைய சிறகுகள் முறிந்துபோகின்றன. உணர்கொம்புகளும் பெரும்பாலும் ஒடிந்துவிடும். போனவள் அநேகமாகத் திரும்புவதில்லை. இருட்டுக்குள், ஆயிரம் பூக்களின் நடுவில், அவள் இரண்டு வேலை செய்கிறாள். சில பூக்களில் முட்டை இடுகிறாள். அவளுடைய மார்பில் இரண்டு சிறிய பைகள் இருக்கின்றன. பிறந்த பழத்தில் முன்னங்கால்களால் வாரி அந்தப் பைகளில் நிரப்பிக்கொண்டு வந்த மகரந்தத்தை எடுத்துப் பூக்களின் மேல் தூவுகிறாள். பிறகு அங்கேயே இறந்துபோகிறாள்.

முட்டை விழுந்த பூவில் குளவி வளர்கிறது. மற்றப் பூவில் விதை வளர்கிறது. சில வாரங்கள் கழித்து முதலில் ஆண் குளவிகள் வெளிவருகின்றன. அவற்றுக்குச் சிறகு கிடையாது. கண்ணும் சரியாகத் தெரியாது. பெண்கள் பூவறையை விட்டு வெளிவருமுன்பே அவர்களோடு கூடி, பிறகு எல்லாமாகச் சேர்ந்து பழத்தின் சுவரைக் கடித்துத் துளை போடுகின்றன. அந்தத் துளை தாங்கள் போவதற்கல்ல, பெண்கள் போவதற்கு. துளை போட்டு முடித்ததும் ஆண்களின் கதை முடிந்தது. பெரும்பாலானவை அத்திக்குள்ளேயே பிறந்து அத்திக்குள்ளேயே இறக்கின்றன. சரியாக அந்தச் சமயத்தில், அதுவரை சும்மா இருந்த ஆண் பூக்கள் மலர்கின்றன. புதிய பெண் குளவி அந்த மகரந்தத்தைப் பையில் நிரப்பிக்கொண்டு புறப்படுகிறாள். அதற்கு அப்புறந்தான் பழம் இனித்துக் கனிகிறது.

இந்த மரம் இல்லாமல் அந்தக் குளவி இல்லை. அந்தக் குளவி இல்லாமல் இந்த மரத்துக்கு விதை இல்லை. 6 கோடி வருஷங்களுக்கு மேலாக இந்த ஒப்பந்தம் நடந்து வருகிறது. ஒப்பந்தம் என்றால் சும்மாவா? மகரந்தம் கொண்டுவராமல் முட்டை மட்டும் இட்டுவிட்டுப் போகப் பார்க்கும் குளவி உண்டு. சில அத்தி இனங்கள் அந்தக் காயை மரத்திலிருந்தே உதிர்த்துவிடுகின்றன. திருடர்களும் உண்டு. வேறு ஜாதிக் குளவி ஒன்று, வாசல் வழியாக வராமல், வெளியே உட்கார்ந்துகொண்டு மயிரிழை போன்ற ஊசியால் காயின் கெட்டிச் சுவரைத் துளைத்து உள்ளே முட்டை வைக்கிறது. இது இல்லறத்தார் வீட்டில் கன்னம் வைக்கும் ஜாதி. அந்த ஊசியின் முனையில் துத்தநாகம் செறிந்திருப்பதைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2014-ல் கண்டு எழுதினார்கள். கன்னக்கோலுக்கு உலோக முனை வேண்டும் என்று அந்தப் பூச்சிக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

அறிந்தவர்கள் சொன்னால் நாம் கேட்பதும் இல்லை. 1880-களில் அமெரிக்காவில் கலிபோர்னியா தேசத்துக்காரர்கள் துருக்கியிலிருந்து உயர்ந்த ரகச் சீமை அத்திக் கன்றுகளை வரவழைத்து நட்டார்கள். மரம் செழித்து வளர்ந்தது. காய் மட்டும் வருஷா வருஷம் பிஞ்சிலேயே உதிர்ந்தது. துருக்கிக் குடியானவர்கள் காட்டு அத்திக் காய்களைக் கோத்துத் தோட்டத்து மரங்களில் தொங்கவிடுவது வழக்கம். இது மூட நம்பிக்கை என்று பலரும் நினைத்தார்கள். கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் இந்த வழக்கத்தை 2,300 வருஷங்களுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்; அதனாலும் பயனில்லை. கடைசியில் 1899-ல் குளவியையும் கொண்டுவந்து குடியேற்றினார்கள். காய் மரத்தில் நின்று பழுத்தது. காட்டுக் காயில் இருந்தது மந்திரம் அல்ல; மகரந்தம் சுமந்த குளவி.

இதையெல்லாம் மறுநாள் இரவு திண்ணையில் உட்கார்ந்து அத்தையிடம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாலைவனத்தையும் கலிபோர்னியாவையும் அத்தை மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். துத்தநாக ஊசிக்கு மட்டும் “அப்படியா!” என்றார். பிறகு, “குளவி விஷயம் எனக்குப் பெரிசாத் தெரியாதுல. பூ உள்ள இருக்குன்னு தெரியும். தினம் நறுக்குதவளுக்குத் தெரியாதா?” என்றார்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

“நீ ஒரு கதையில எழுதியிருந்தியே” என்றார் அத்தை.

எனக்கு உடம்பெல்லாம் கூசிற்று. அந்தக் கதையை நான் எழுதி, அது பத்திரிகையில் வந்தது 2006-ல். கல்யாணம் ஆகாமல் அண்ணன் வீட்டிலேயே இருந்து நரைத்துப்போன ஒரு பெண்ணைப் பற்றிய கதை. கொல்லையில் ஒரு அத்தி மரம். ‘அந்த மரத்தைப்போலவே அவளும் பூக்காமலே நின்றாள்’ என்று அதை முடித்திருந்தேன். அந்த வரிக்காக என்னைப் பலர் பாராட்டினார்கள். அந்தப் பெண் யார் என்று எங்கள் குடும்பத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்க அவசியமும் இல்லை.

பூக்காமல் நின்ற அந்த மனுஷி என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதைக் கதையில் எழுத எனக்குத் தோன்றவில்லை. தாத்தா படுக்கையில் கிடந்த ஆறு வருஷமும் அவருக்கு எல்லாம் செய்தது அத்தை. எங்கள் அம்மாவுக்கு உடம்பு முடியாதபோது அண்ணனுக்கும் எனக்கும் தலை வாரிப் பள்ளிக்கு அனுப்பியது அத்தை. நான் கல்லூரியில் சேர்ந்தபோது கட்டின பணம் அத்தையின் இரட்டை வடச் சங்கிலி என்பது அப்பா காலமான பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்தப் படிப்பையும் நான் இரண்டு வருஷத்தோடு நிறுத்திவிட்டுக் கதை எழுதப் போனேன். எழுதிய கதைகளில் ஒன்று இது!

“அத்தை, அந்தக் கதை…” என்று ஆரம்பித்தேன். அப்புறம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. பதினெட்டு வருஷமாக அவர் இதை மனசில் வைத்திருக்கிறார். ஒரு நாளும் கேட்டதில்லை.

“மரத்தைப் பத்தித் தப்பா எழுதியிருந்த” என்றார் அத்தை. “அப்பவே சொல்லணும்னு நெனச்சேன். பட்டணத்துல பத்துப்பேர் படிக்கது, யாராவது சொல்லுவாங்கன்னு விட்டுட்டேன்.”

அவ்வளவுதான். மனுஷியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அந்த நேரத்தில், அவர் மரத்தைப் பற்றி மட்டும் பேசியிருக்கும்போது, அதைத் தாண்டிப் போக எனக்குத் தைரியம் வரவில்லை.

விடிந்ததும் மரம் வெட்டும் ஆட்கள் ரம்ப மிஷினுடன் வந்துவிட்டார்கள். நான் அண்ணனுக்குப் போன் செய்தேன். குளவியைப் பற்றி அரை மணி நேரம் சொன்னேன். “உனக்கு என்ன ஆயிற்று?” என்று அவன் கேட்டான். அத்தையைப் பற்றி இரண்டு நிமிஷம் சொன்னேன். பேசாமல் கேட்டுவிட்டு, “சரி, வேண்டாம்” என்றான்.

வந்த ஆட்களைக் கொண்டு பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேல் போன இரண்டு கிளைகளை மட்டும் கழிக்கச் செய்தேன். கிணற்றுக்குக் கம்பி வலை போட்டோம். வௌவாலுக்கு ஒரு வழியும் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் போய், வருஷா வருஷம் அந்தச் சுவருக்கு வெள்ளை அடிக்கிற செலவு எங்களுடையது என்று சொல்லிவிட்டு வந்தேன். உலகத்தில் அத்தி இனப் பழங்களைத் தின்று பிழைக்கிற பறவைகளும் பாலூட்டிகளும் 1,200 இனங்களுக்கு மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் ஒரு இனத்தின் சார்பில் கொஞ்சம் சுண்ணாம்புச் செலவு செய்தால் குடி முழுகிவிடாது.

சென்னைக்குத் திரும்பியதும் ஆசிரியருக்குப் பதில் எழுதினேன். ‘காயை நறுக்கிப் பார்த்தேன். அடுத்த பதிப்பில் ஏழு இடங்களையும் திருத்திவிடுகிறேன். எட்டாவது இடம் ஒன்று வேறொரு கதையில் இருக்கிறது. அது தங்கள் கண்ணில் படவில்லை. பட வேண்டியவர் கண்ணில் பட்டுவிட்டது. அதைத் திருத்துவது எப்படி என்றுதான் எனக்குத் தெரியவில்லை’ என்று எழுதினேன். அதற்கு அவர் பதில் எழுதவில்லை. கணக்கில் வராத விஷயம் என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது.

பங்குனி முடிகிற சமயத்தில் ஒரு நாள் காலை அத்தையிடமிருந்து போன் வந்தது. அவராகப் போன் செய்வது மிகவும் அபூர்வம். அதற்கு ஓர் உவமை என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது; நல்ல வேளையாக விழுங்கிவிட்டேன்.

“நம்ம மரத்துல பழுத்துட்டுல” என்றார். “காலைல தாத்தா கண்ணாடிய வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒவ்வொண்ணா வெளிய வருது. எந்தப் பக்கம் போகுதுன்னுதான் தெரியல.”